பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும் முன்: தெருவும் பூங்காவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எண்பதுகளில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. கம்பி துருப்பிடித்து, கூரைப் பூச்சு உதிர்ந்து, இடித்துக் கட்டலாமா என்ற பேச்சு தெருவுக்குத் தெரு நடக்கிறது. எங்கள் குடியிருப்பிலும் நடந்தது. ஆறு கிரவுண்டு மனையில் 24 வீடுகள். சங்கச் செயலாளராக இருந்ததால் அந்த அலைச்சல் முழுக்க என் தலையில் விழுந்தது. முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு எத்தனை சதுர அடி கூடக் கிடைக்கும்?" தெரு தாங்குமா, பிள்ளைகள் எங்கே விளையாடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை, அக்கம்பக்கத்துச் சங்கங்களில் இருந்து என்னிடம் வந்த கேள்விகளின் வரிசையில் எழுதுகிறேன். விதிகளில் அடிக்கடி திருத்தம் வருகிறது. அதனால் கையெழுத்துப் போடும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்டர் வந்ததும் முதலில் தெருவின் அகலத்தைக் கேட்கிறாரே, ஏன்?

எவ்வளவு கட்டலாம் என்பதைத் தெருதான் தீர்மானிக்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இதற்கு அடிப்படை. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவைத் தளப்பரப்புக் குறியீடு என்கிறார்கள். பேச்சில் எஃப்.எஸ்.ஐ. முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, 2019-ல் 2 ஆனது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் அரசுக்குக் கட்டணம் செலுத்தி 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' வாங்கலாம். அங்கேதான் தெரு குறுக்கே வருகிறது. 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் இருக்கும் தெரு என்றால் கூடுதலாக 30 சதவீதம். 12 முதல் 18-க்குள் 40 சதவீதம். 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம். 9 மீட்டருக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். ஆறு கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடி. பழைய 1.5-ல் கட்டியது 21,600 சதுர அடி, வீட்டுக்கு 900 வீதம் 24 வீடு. இப்போதைய 2-ல் 28,800 கட்டலாம். தெரு 9 மீட்டரைத் தொட்டுவிட்டால் 37,440. வித்தியாசம் 8,640 சதுர அடி. பில்டர் விற்று லாபம் பார்ப்பதும், நமக்குக் கூடுதல் இடம் தருவதும் பெரும்பாலும் அந்த வித்தியாசத்திலிருந்துதான். கட்டடம் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் உயரடுக்குக் கட்டடம் என்ற கணக்கு. அதற்கு 18 மீட்டர் சாலை இருந்தால் 3.25 வரை போகலாம். கூடவே தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் என்று தடையில்லாச் சான்றுகளும் வாங்க வேண்டும்.

இந்த விதியைப் பில்டருக்கான சலுகை என்று மட்டும் பார்க்காதீர்கள். தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டும், ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டும், கழிவுநீர் லாரி நின்றாலும் பள்ளிக்கூட வேன் கடந்து போக வேண்டும். 24 வீடு 40 வீடானால் அத்தனை வண்டிகளும் அதே தெருவில்தான் ஓடப்போகின்றன. அகலத்தைக் கேட்பது நியாயமான கேள்வி. நாமே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெரு 'முப்பது அடி ரோடு'. அப்படியானால் 9 மீட்டர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

முப்பது அடி என்பது 9.14 மீட்டர். 9 மீட்டருக்கு 29 அடி ஆறரை அங்குலம் வேண்டும். ஆக உங்களுக்கு இருக்கும் தாராளம் வெறும் அரையடிதான். யாராவது ஒருவர் காம்பவுண்டுச் சுவரை ஒரு அடி முன்னால் தள்ளிக் கட்டியிருந்தால் போச்சு.

உங்கள் வாசலில் மட்டும் அளந்தால் போதாது. பெரிய சாலையில் போய்ச் சேரும் வரை தெருவின் பொதுவான அகலத்தைப் பார்க்கிறார்கள். சின்ன நெளிவுகளை விதியே மன்னிக்கிறது. 18 மீட்டர் சாலை ஒன்று மனையின் ஒரு முனையில் 17.8 ஆகவும் மறுமுனையில் 18.2 ஆகவும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று எடுத்துக்காட்டோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தெரு நெடுகக் குறைவாக இருந்தால் அந்த வாதம் எடுபடாது.

நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வண்டிகள் வருமுன், நாலு பேராக டேப் பிடித்து அளந்தோம். வாசலில் சரியாக இருந்தது. தெருமுனையில், பெரிய சாலையில் சேரும் இடத்தில், ஒரு சுவர் இரண்டடி வெளியே வந்திருந்தது. இருபத்தைந்து வருடமாக அந்த வழியே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. நகர நில அளவைப் பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் என்ன அகலம் இருக்கிறது, தரையில் என்ன இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்டரிடம் பேச உட்காரும் முன்பே இதைச் செய்யுங்கள். பேரத்தின் நடுவில் இது தெரியவந்தால் நம் பங்குதான் குறையும்.

சாலை அகலப்படுத்த மனையில் ஒரு பகுதியைத் தானமாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நட்டம்தானே?

தரையில் பார்த்தால் இழப்புதான். நகரம் முழுவதற்குமான முழுமைத் திட்டத்திலோ (மாஸ்டர் பிளான்), ஒரு பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ உங்கள் தெருவுக்குச் சாலை விரிவாக்கக் கோடு போட்டிருந்தால், அந்தக் கோட்டுக்குள் வரும் பகுதியைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்போ, வேறு இடத்தில் பயன்படுத்தவும் விற்கவும் கூடிய வளர்ச்சி உரிமையோ பெற விதிகளில் வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள், தானாக யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

எனக்கு இதில் உள்ள வருத்தம் வேறு. ஒரு மனை மட்டும் உள்வாங்கி, இரண்டு பக்கமும் பழைய சுவர்கள் அப்படியே நின்றால், அந்த இடத்தில் கார்களும் தள்ளுவண்டியும்தான் நிற்கும். அதற்கு நடைபாதையாவது போட்டுத் தரச்சொல்லி மாநகராட்சியிடம் எழுதிக் கேளுங்கள்.

ஓ.எஸ்.ஆர். என்கிறார்களே, அது என்ன?

திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய மனையில் கட்டுகிறவர் ஒரு பங்கை ஊருக்குப் பூங்காவாகவோ விளையாட்டிடமாகவோ விட வேண்டும் என்ற விதி. மனை 3,000 சதுர மீட்டர் வரை இருந்தால் எதுவும் விட வேண்டாம். 3,000-க்கும் 10,000-க்கும் இடையில் என்றால் 10 சதவீத இடம், அல்லது அதற்கு ஈடான பணம். 10,000-ஐத் தாண்டினால், உள்சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தை நிலமாகவே தர வேண்டும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது.

நம் ஊர்க் கணக்கில் 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் பதின்மூன்றரை கிரவுண்டு. 10,000 என்பது ஏறக்குறைய 45 கிரவுண்டு, இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் எடுத்துக்காட்டு: 12,000 சதுர மீட்டர் வளாகம், அதில் 2,000 உள்சாலை. மீதி 10,000-ல் 1,000 சதுர மீட்டர், அதாவது நாலரை கிரவுண்டு, பூங்காவுக்குப் போக வேண்டும்.

எங்கள் மனை ஆறு கிரவுண்டுதான். அப்படியானால் எங்களால் ஒரு பூங்காவும் வராதா?

வராது. என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான்.

சென்னையில் இடித்துக் கட்டப்படும் குடியிருப்புகளில் ஏராளமானவை நாலு கிரவுண்டு, ஆறு கிரவுண்டு, பத்து கிரவுண்டு. எல்லாமே 3,000 சதுர மீட்டருக்குக் கீழே. ஒரே தெருவில் பத்துக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து எழும்பினால், அந்தத் தெருவில் குடியிருப்போர் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகலாம். பூங்கா மட்டும் ஒரு சதுர அடிகூட அதிகமாகாது. பத்து மனைகளையும் சேர்த்தால் அறுபது கிரவுண்டு வரும். ஒரே ஆள் அதில் கட்டியிருந்தால் நிலமாகவே பூங்கா விட்டிருக்க வேண்டும். தனித்தனியாகக் கட்டுவதால் யாருக்கும் கடமை இல்லை. விதியை யாரும் மீறவில்லை, ஆனாலும் தெரு மூச்சுத் திணறுகிறது.

தியாகராய நகரை நினைத்துப் பாருங்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து அந்த நகரை உருவாக்கினார்கள். ஏரியை இழந்தது தனிக்கதை, அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் வரைந்தவர்கள் நடுவில் பனகல் பார்க்கை வைத்து, சாலைகளை அதிலிருந்து பிரித்து ஓடவிட்டார்கள். வீடு கட்டுமுன் தெருவும் பூங்காவும் தாளில் இருந்தன. நூறு வருடம் கழித்து, அதே தெருக்களில் இரண்டு மாடி வீடுகள் ஐந்து மாடியாகி, அதே பூங்காவைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மனிதருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டுதல்கள் சொன்னது. உங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், நடந்து போகும் தூரத்தில் எத்தனை பூங்கா இருக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

என் யோசனை: சின்ன மனைகள் வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணத்தில் ஒரு பங்கை அதே வார்டில் பூங்கா நிலம் வாங்க ஒதுக்க வேண்டும். 2027-லிருந்து 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் சென்னைக்குத் தயாராகும் நேரத்தில் இதைக் கேட்காமல் எப்போது கேட்பது?

பெரிய மனையைத் துண்டு போட்டு 3,000-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால்?

அது எளிதில் செல்லாது. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 5.8.1975-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் மனை எவ்வளவு இருந்தது என்று காட்டும் மூல ஆவணங்களை, கட்டட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கேட்கிறது. 'நம்ம மனை சின்னதுதானே' என்று நினைத்திருந்த சங்கங்கள் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்து அதிர்ந்த கதைகள் உண்டு. பெரிய தோட்ட பங்களாவைப் பிரித்து விற்ற மனை என்றால் வக்கீலிடம் முதலில் இதைக் காட்டுங்கள்.

இடத்துக்குப் பதில் பணம் கட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பில்டர் பணத்தைத்தான் விரும்புவார். கணக்கு, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் போடப்படுகிறது, நிலமோ சந்தை விலையில் விற்கிறது. உங்கள் தெருவுக்குக் குறைவது இடம். கட்டிய பணம் உங்கள் தெருவிலேயே பூங்காவாகத் திரும்பி வரும் என்று உறுதி எதுவும் இல்லை. 3,000-க்கு மேல் மனை இருக்கும் சங்கங்களை நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: முடிந்தால் நிலமாகவே கொடுங்கள். ஒன்றிரண்டு கிரவுண்டு பூங்கா சின்னதாகத் தோன்றும். மாலை ஐந்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள், அதன் அளவு புரியும்.

நாங்கள் விட்ட ஓ.எஸ்.ஆர். இடத்தை எங்கள் வளாகப் பூங்காவாக வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தானப் பத்திரம் பதிவானதும் அது பொது இடம். கேட் போட்டு, காவலாளியை நிறுத்தி, 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று பலகை மாட்டுவது தவறு. 'எங்கள் நிலத்தை இலவசமாக எழுதிக் கொடுக்கச் சொல்வது சரியா?' என்று உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னையில் 10 சதவீத இடத்தைத் தானமாகக் கேட்கும் விதி செல்லும் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூங்கா எங்கே அமைகிறது என்பதை வரைபட நிலையிலேயே பாருங்கள். பொதுச் சாலையிலிருந்து நேராக உள்ளே போக முடிய வேண்டும், அகலமும் 10 மீட்டருக்குக் குறையக்கூடாது. வளாகத்தின் பின்மூலையில், டிரான்ஸ்பார்மருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவில், யாரும் வீடு கட்ட விரும்பாத ஒரு துண்டைப் பச்சை வண்ணம் அடித்துக் காட்டுவார்கள். தாளில் அதுவும் பூங்காதான். அங்கே எந்தப் பாட்டியும் பேரனைக் கூட்டிக்கொண்டு போக மாட்டாள்.

பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பிறகு வேறு எதற்காவது மாற்றிவிடுவார்களா?

மாற்றப் பார்ப்பார்கள். ரேஷன் கடை, நீரேற்று நிலையம், சமுதாயக் கூடம் என்று நல்ல காரியத்தின் பெயரிலேயே வரும். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரின் சதாசிவநகரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனையும் தேவைதான், ஆனால் பூங்காவின் இடத்தில் அல்ல. பகுதி மக்களுக்கு வழக்குப் போடும் உரிமை உண்டா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்தது: உண்டு.

எல்லா உரிமையாளர்களும் சம்மதித்தால்தான் இடிக்க முடியுமா?

முன்பு ஒருவர் மறுத்தாலும் சிக்கல். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். எங்கள் 24-ல் அது 16 பேர். மீதி எட்டுப் பேரை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். எங்களிடத்தில் தெரு தாங்குமா என்று முதலில் கேட்டவர், வேண்டாம் என்று சொன்ன முதல் மாடி மாமிதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்பார்களா?

சாதாரணக் கட்டட அனுமதிக்குக் கேட்பதில்லை. நில உபயோகத்தை மாற்றும்போது மட்டும் பத்திரிகையில் அறிவித்து ஆட்சேபணை கேட்கிறார்கள். குடியிருப்புப் பகுதியை வணிகமாக மாற்றும் அறிவிப்புகள் அப்படித்தான் வரும். மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படிக்க வேண்டும்.

மற்றபடி உங்கள் கையில் இருப்பவை: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ 8 வீட்டுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டங்கள் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை அதன் தளத்திலேயே பார்க்கலாம். வேறு ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அப்புறம் உங்கள் வார்டின் பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசும் கூட்டம். கவுன்சிலர் முன்னால் எழுந்து, 'இந்தத் தெருவில் இந்த வருடம் இத்தனை கட்டடம் எழும்புகிறது, கழிவுநீர்க் குழாய் எத்தனை அங்குலம்?' என்று கேளுங்கள், பதில் பதிவேட்டில் ஏறட்டும்.

அரசு வாரியக் குடியிருப்புகளில் இருக்கிறோம். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நீங்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. ஆட்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். பழைய கட்டடங்களை இடித்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த மூன்று மாடி பிளாக்குகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தில்தான் தண்ணீர் பிடித்தார்கள், கல்யாணப் பந்தல் போட்டார்கள், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். சின்ன வீட்டில் இருப்பவருக்கு முற்றம் அதுதான். புதுக் கட்டடம் உயரமாகும்போது வீட்டின் சதுர அடியோடு, கீழே மிஞ்சும் தரை எவ்வளவு என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் தெரு, திறந்தவெளி பற்றி என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரைவில் லிப்ட் எந்தக் கம்பெனி, டைல்ஸ் எந்த அளவு என்று ஆறு பக்கம் இருந்தது. தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை. பேசிப் பேசிச் சேர்த்தவை இவை. தெரு அளவு குறைந்து பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கிடைக்காமல் போனாலும் நமக்குச் சொன்ன பரப்பு குறையாது என்ற உறுதி. கட்டும் காலத்தில் ஜல்லியும் மணலும் தெருவில் கொட்டாமல் மனைக்குள்ளேயே வைப்பது. கார்கள் தெருவில் காத்து நிற்காதபடி கேட்டை உள்ளே தள்ளி வைப்பது. விருந்தினர் வண்டிக்கு உள்ளேயே இடம். மனையில் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் அளவை வரைபடத்தில் குறித்து, எது நிற்கும், எது போகும் என்று முன்கூட்டியே சொல்வது. எங்களிடம் ஒரு வேப்பமரமும் இரண்டு பாதாம் மரங்களும் இருந்தன. வேம்பு இருக்கும் பக்கம் அடித்தள வாகன நிறுத்தத்தை நாலடி சுருக்கினார்கள், இரண்டு கார் இடம் போனது. அதற்கு ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை. வேப்பமரம் இருக்கிறது.

சின்ன மனையானாலும் ஓர் ஆயிரம் சதுர அடியைத் தரைத்தளத்தில் கார் ஏறாத மண்ணாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். விதி கேட்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். நாங்கள் அறுநூறு கேட்டு நானூற்று ஐம்பது வாங்கினோம். அது தெருப்பக்கம், சுவரையொட்டி இருக்கிறது. ஒரு கல் பெஞ்சு போட்டு, அந்தப் பக்கத்துச் சுவரைத் தாழ்த்தியிருக்கிறோம். இஸ்திரி போடுகிறவர் மதியம் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.